ஸ்காண்டிநேவியாவுல தினமும் என்ன உடுத்துறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோபன்ஹேகன், ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ பக்கம் படிக்கவோ வேலைக்கோ போறவங்களும், அந்த ஊர் ஆளுங்க போடுற ட்ரெஸ்ஸை இன்ஸ்டாவுல பாத்துட்டு பிடிச்சுப்போனவங்களும் திரும்பத் திரும்ப கேக்குற கேள்விகளை இங்க ஒரே இடத்துல எழுதுறேன். எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம், அதனால சில பதில் நீளமாத்தான் இருக்கும்.

ஸ்காண்டிநேவியன் ஸ்டைல்னா சரியா என்ன? எந்தெந்த நாடு இதுல வரும்?

டென்மார்க், ஸ்வீடன், நார்வே மூணும்தான் ஸ்காண்டிநேவியா. ஃபின்லாந்து, ஐஸ்லாந்தையும் சேத்தா நார்டிக்னு சொல்லுவாங்க, ஆனா கடைக்காரங்களும் பத்திரிகைகளும் எல்லாத்தையும் ஒண்ணாத்தான் கலக்குறாங்க. மரிமெக்கோங்கிற கம்பெனியோட பெரிய பூப்போட்ட உனிக்கோ டிசைன் தெரியும்ல, 1964ல மாயா இசோலா வரைஞ்சது, அது ஃபின்லாந்து. ஸ்காண்டிநேவியன்னு போட்டுதான் பாதி இடத்துல விக்கிறாங்க.

ஸ்டைல்னு கேட்டா என் பதில் இதுதான். இது ஒரு லுக் கிடையாது, குளிர், மழை, சைக்கிள், வாங்கினதை வருஷக்கணக்கா போடுற பழக்கம், இந்த நாலும் சேந்து உண்டாக்கின உடுப்பு. இதை புரிஞ்சுக்காம வெறும் கலரை மட்டும் காப்பி அடிச்சா போட்டோல நல்லா இருக்கும், நவம்பர் மாசம் பஸ் ஸ்டாப்புல நடுங்கிக்கிட்டு நிப்பீங்க.

எல்லாமே கறுப்பு, சாம்பல், பீஜ் தானே?

ஸ்டாக்ஹோம்ல ஓரளவுக்கு ஆமா. அங்க கறுப்பு, நேவி, க்ரீம், ஒட்டகக் கலர் கோட்டுனு அடக்கி வாசிப்பாங்க, கட்டிங்தான் பேசணும்னு நினைப்பாங்க. ஃபிலிப்பா கேங்கிற பிராண்ட் 1993ல அங்க ஆரம்பிச்சது, எலின் க்ளிங்கும் கார்ல் லிண்ட்மனும் 2014ல தொடங்கின டோட்டேமும் அதே வழிதான், ஸ்கார்ஃப் கூடவே தைச்சு வர்ற கம்பளி ஜாக்கெட்டை எங்கயாவது பாத்திருப்பீங்க, அது இவங்களோடது.

கோபன்ஹேகனுக்கு போனா கதையே வேற. பச்சை டிரவுசருக்கு ரோஸ் ஸ்வெட்டர், பெரிய காலர் வச்ச சட்டை, பூப்போட்ட கவுனுக்கு அடியில ஜீன்ஸ், மேல பஞ்சு அடைச்ச ஒரு பஃபர் ஜாக்கெட், காலுல ஓட்டப்பந்தய ஷூ, இப்படி சைக்கிள்ல போய்க்கிட்டே இருப்பாங்க. கானி, ஸ்டீனே கோயா, பாவும் உண்ட் ஃபெர்ட்கார்டன் மாதிரி டேனிஷ் பிராண்டுகள் எல்லாம் இந்த கலர்ஃபுல் பக்கம். கானி 2000ல சின்னதா ஆரம்பிச்சது, 2009ல டிட்டே, நிக்கோலை ரெஃப்ஸ்ட்ரப்னு ஒரு தம்பதி கையில எடுத்தப்புறம்தான் உலகம் பூரா தெரிஞ்சுது.

நார்வே மூணாவது வழி, ஞாயித்துக்கிழமை மலை ஏறப் போற ஆளு திங்கக்கிழமை ஆபீஸுக்கும் அதே ஜாக்கெட்ல வர்ற ஊர். அதை யாரும் குறையா பாக்குறதில்லை.

கவுனுக்கு அடியில ஜீன்ஸா? விசித்திரமா இருக்கே?

நம்ம பொண்ணுங்களுக்கு இதுல விசித்திரமே இல்ல, குர்த்தியும் பேன்ட்டும் போட்டு வளந்தவங்கதானே. அங்க இது சைக்கிளுக்கும் காத்துக்கும் வசதியா வந்த பழக்கம், அதனால உங்க காட்டன் குர்த்தியை பெட்டியிலயே வைக்காதீங்க. உள்ள மெல்லிசா ஒரு கம்பளி டாப், மேல குர்த்தி, கீழ நேரான ஜீன்ஸ், அதுக்கு மேல முட்டி வரைக்கும் கோட்டு, கோபன்ஹேகன் தெருவுல இது அழகா பொருந்தும், வேற எதையும் மாத்த வேணாம்.

சாதாரண நாள்ல ஆபீஸுக்கு என்ன போடுறாங்க?

பெரும்பாலான ஆபீஸ்ல ஜீன்ஸ், நல்ல ஸ்வெட்டர் இல்ல சட்டை, சுத்தமான ஸ்னீக்கர், அவ்வளவுதான். பேங்க், வக்கீல் ஆபீஸ்ல மட்டும் சூட்டு பாக்கலாம். பெரிய லோகோ போட்ட பெல்ட்டு, பளபளன்னு தெரியற பை இதெல்லாம் கம்மி, மத்தவங்களை விட தன்னை பெருசா காட்டிக்கக்கூடாதுங்கிற ஒரு எண்ணம் அந்த சமூகத்துல ஊறிப்போயிருக்கு, யாந்தெ விதின்னு அவங்களே அதுக்கு பேரு சொல்லுவாங்க. காசு செலவு பண்ண மாட்டாங்கன்னு அர்த்தமில்ல, கிட்ட வந்து துணியை தொட்டுப்பாத்தாதான் விலை தெரியும்.

அதே ட்ரெஸ்ஸை வாரத்துல ரெண்டு மூணு தடவை போட்டாலும் யாரும் கேக்க மாட்டாங்க. புதுசா வர்றவங்களுக்கு இது பெரிய நிம்மதி, தினம் ஒண்ணுன்னு மாத்தணும்ங்கிற பாரமே இல்ல.

குளிருக்கு லேயர் லேயரா எப்படி போடுறது?

இதை ஒழுங்கா கத்துக்கிட்டா மீதி எல்லாம் ஈஸி. உடம்பை ஒட்டி கம்பளி, அதுக்கு மேல சூட்டை பிடிச்சு வைக்கிற ஒண்ணு, ஸ்வெட்டரோ ஃப்ளீஸோ, கடைசியா காத்தையும் தண்ணியையும் தடுக்கிற ஜாக்கெட். முதல் லேயர்லதான் நம்ம ஆளுங்க தப்பு பண்றாங்க, காட்டன் பனியன் போட்டுட்டு மேல மேல ஸ்வெட்டரா ஏத்துவாங்க. காட்டன் வேர்வையை உறிஞ்சி ஈரமா தோலோட ஒட்டிக்கும், கொஞ்ச நேரத்துல சில்லிட்டுடும். கம்பளி தன்னோட எடையில 30 சதவீதம் வரைக்கும் ஈரத்தை உள்ள வாங்கிக்கிட்டும் சூடா இருக்கும். மெரினோ கம்பளி மெல்லிசா குத்தாம இருக்கும், நம்ம சின்ன வயசுல ஊட்டி டூருக்கு போட்டுட்டுப்போன அரிக்கிற ஸ்வெட்டரை நினைச்சு பயப்படாதீங்க.

நார்வேல இதுக்கு ஒரு அழகான கதை இருக்கு. 1933ல ஹென்ரிக் ப்ரூன்னு ஒரு ராணுவ அதிகாரி மீன்பிடி வலையை எடுத்து பனியனா தைச்சார், வலையோட ஓட்டையில காத்து தங்கி அதுவே சூட்டை பிடிச்சு வைக்கும், வேர்வையும் வெளிய போயிடும். ப்ரின்யேங்கிற கம்பெனி இன்னைக்கும் அந்த வலை பனியனை செய்யுது, பனிச்சறுக்கு போறவங்க சட்டைக்குள்ள அதைத்தான் போட்டிருப்பாங்க.

இன்னொரு முக்கியமான விஷயம், வீடு, ஆபீஸ், கடை எல்லாத்துக்குள்ளயும் ஹீட்டர் வச்சு 20 டிகிரிக்கு மேல இருக்கும். அதனால ரொம்ப தடியான ஸ்வெட்டரை மட்டும் நம்பி போனா மெட்ரோவுல வேர்த்து கொட்டும். மெல்லிசா ரெண்டு லேயர், மேல நல்ல கோட்டு, கழட்டி கையில வச்சுக்கிற மாதிரி. நகரத்துல ஜீன்ஸுக்குள்ள தெர்மல் பேன்ட் மைனஸ் அஞ்சு, ஆறுக்கு கீழ போனா போட்டா போதும். வடக்கே ட்ரோம்சோ பக்கம்னா அது வேற கணக்கு.

கோட்டு ஒண்ணுதான் வாங்க முடியும்னா எது?

கோபன்ஹேகன், மால்மோ, பெர்கன் மாதிரி ஈரக்காத்து ஊர்னா தண்ணி புகாத, தொப்பி வச்ச, தொடை வரைக்கும் வர்ற பார்க்கா. ஸ்டாக்ஹோம், ஆஸ்லோ மாதிரி பனி கொட்டுற ஊர்னா உள்ள இறகோ செயற்கை பஞ்சோ அடைச்ச நீளமான ஜாக்கெட். கம்பளி ஓவர்கோட்டு பாக்க ரொம்ப அழகு, நானும் விரும்புறேன், ஆனா அது ரெண்டாவதா வாங்க வேண்டியது. தோள் பக்கம் கொஞ்சம் லூசா எடுங்க, உள்ள ஸ்வெட்டர் போட்டு கையை தூக்கி பாருங்க, சைக்கிள் ஹேண்டில் பிடிக்கிற மாதிரி நீட்டி பாருங்க, அப்ப முதுகுல இழுத்தா அந்த சைஸ் வேணாம். ஊர்லருந்து கிளம்புறதுக்கு முன்னாடி வாங்கிட்டு போகணுமான்னு நிறைய பேர் கேக்குறாங்க, வேணாம், அங்க போய் செகண்ட் ஹேண்ட் கடையில பாருங்க, அதை கீழ சொல்றேன்.

மழைக்கு?

குடையை மறந்துடுங்க, காத்துல திரும்பிக்கும், சைக்கிள்லயும் பிடிக்க முடியாது. மழைக்கோட்டுதான் அங்க உண்மையான உடுப்பு. ஹெல்லி ஹான்சன் 1877ல நார்வேல மோஸ் ஊர்ல ஆரம்பிச்சது, ஹெல்லி யூல் ஹான்சன் ஒரு கப்பல்காரர், ஆளிவிதை எண்ணெய்ல ஊறவச்ச துணியில கடலோடிகளுக்கு உடுப்பு தைச்சு விக்க ஆரம்பிச்சார். இன்னைக்கு ஸ்டாக்ஹோமோட ஸ்டுட்டர்ஹைம், டென்மார்க்கோட ரெயின்ஸ் ரெண்டும் அந்த மீனவர் கோட்டு வடிவத்தையே எடுத்து ஆபீஸுக்கும் போடுற மாதிரி ஆக்கிட்டாங்க. குழந்தைங்க இருந்தா தோள்ல மாட்டுற பட்டை வச்ச ரப்பர் மாதிரி மழை பேன்ட் கண்டிப்பா வாங்கணும், மழை பெய்யுதுன்னு பாலர் பள்ளியில பிள்ளைங்களை உள்ள உக்கார வைக்க மாட்டாங்க, சேத்துலதான் விளையாடும்.

ஷூ எப்படி பாத்து வாங்கணும்?

அடிப்பாகம் பிடிமானமா இருக்கணும், அது முதல். ரெண்டாவது, அரை சைஸ் பெருசா எடுங்க, கம்பளி சாக்ஸுக்கு இடம் வேணும், இறுக்கமா இருந்தா எவ்வளவு நல்ல பூட்ஸா இருந்தாலும் விரல் விறைச்சிடும். மூணாவது, தெருவுல பனி உருகவும் வழுக்காம இருக்கவும் உப்பும் சரளையும் போடுவாங்க, தோல் ஷூவுல வெள்ளையா கறை படியும், வினிகர் கலந்த தண்ணியில துணியை நனைச்சு அன்னைக்கே துடைச்சிடுங்க. தரை ஐஸா ஆகுற நாளுக்கு ஷூவுக்கு அடியில மாட்டுற ஆணிப்பட்டை இருக்கு, ஸ்வீடன்ல நிறைய நகராட்சி வயசானவங்களுக்கு அதை இலவசமாவே குடுக்குது. எங்க அம்மா அப்பா வயசுல இருக்கவங்க உங்களை பாக்க குளிர்காலத்துல வந்தா முதல்ல இதை வாங்கி வைங்க.

வீட்டுக்குள்ள ஷூ கழட்டணும். நம்ம பழக்கம்தான், விருந்துக்கு போனாலும் அப்படித்தான், அதனால சாக்ஸ்ல ஓட்டை இல்லாம பாத்துக்கங்க. ஃபார்மல் விருந்துன்னா பையில தனியா உள்ள போடுற ஷூ கொண்டு போய் வாசல்ல மாத்திக்குவாங்க.

அந்த டிசைன் போட்ட ஸ்வெட்டர் எல்லாம் ஒண்ணுதானா?

இல்லவே இல்ல, இதை பத்தி பேச ஆரம்பிச்சா எனக்கு நேரம் போறதே தெரியாது. நார்வேல செட்டெஸ்டால் பள்ளத்தாக்குல வந்தது லூசெகோஃப்டெ, கறுப்புல சின்னச்சின்ன வெள்ளைப் புள்ளி, கழுத்துலயும் கை ஓரத்துலயும் எம்ப்ராய்டரி, வெள்ளிக் கொக்கி. செல்பூ ஊர்ல எட்டு இதழ் நட்சத்திரப் பூ, 1857ல மாரிட் எம்ஸ்டாட்னு ஒரு சின்ன பொண்ணு கையுறையில பின்ன ஆரம்பிச்சு ஊரே அதுல பொழைச்சது. நீலம் வெள்ளை சிவப்புல வர்ற மாரியுஸ் ஸ்வெட்டர் 1950கள்ல உன்ன் சோய்லான்ட் டேல்ங்கிற பெண் டிசைன் பண்ணினது, நார்வேல அது இல்லாத வீடு கம்மி. கழுத்தைச் சுத்தி வட்டமா டிசைன் வந்தா அது பெரும்பாலும் ஐஸ்லாந்து லோபாபேசா. ஃபாரோ தீவுல செம்மறி ஆடு மனுஷங்களை விட அதிகம், அங்கத்து வெள்ளை கறுப்பு ஸ்வெட்டரை 2007ல டேனிஷ் டிவி சீரியல்ல ஒரு போலீஸ்காரம்மா எபிசோட் எபிசோடா போட்டுட்டு வந்தாங்க, அதுக்கப்புறம் அது வெளிநாட்டுலயும் பறந்துச்சு.

இப்படி ஒரு ஸ்வெட்டர் இருந்தா மீதி எல்லாத்தையும் அமைதியா விடுங்க, கறுப்பு ஜீன்ஸ், பூட்ஸ் போதும். கடையில கைப்பின்னல் ஒரிஜினல் விலை அதிகம், நியாயமான விலைதான், அதுல போற மணிநேரம் அவ்வளவு. முடிஞ்சா நீங்களே பின்னுங்க, டென்மார்க்ல இப்ப இளம்பொண்ணுங்க எல்லாம் ட்ரெயின்ல உக்காந்து பின்றாங்க, பெட்டிட்நிட்ங்கிற டேனிஷ் பின்னல் பிராண்டோட சோஃபி ஸ்கார்ஃப்னு ஒரு சின்ன கழுத்துத்துணி பேட்டர்ன் இருக்கு, முதல் தடவை ஊசி பிடிக்கிறவங்களுக்கும் வரும்.

இருட்டுல தொங்குதே ஒரு சின்ன வில்லை, அது ஃபேஷனா?

இல்ல, அது ரிஃப்ளெக்டர், வண்டி லைட் பட்டா மின்னும். டிசம்பர்ல ஸ்டாக்ஹோம்ல பகல் வெளிச்சம் ஆறு மணிநேரம்தான், மதியம் மூணு மணிக்கு இருட்டிடும், நீங்களோ கறுப்பு கோட்டு போட்டிருப்பீங்க. வண்டிக்காரருக்கு தெரியணும்ல. கோட்டு பாக்கெட்ல ஊக்கு குத்தி முட்டி உயரத்துல தொங்க விடுங்க. வெட்கப்படாதீங்க, எல்லாரும் போடுறாங்க.

பிராண்ட் எல்லாம் விலை அதிகம், சம்பளம் பத்தாது. என்ன பண்றது?

செகண்ட் ஹேண்ட். அங்க அது கௌரவக் குறைச்சல் இல்ல, நல்ல ரசனை இருக்கவங்கதான் அங்க போறாங்க. ஸ்வீடன்ல சால்வேஷன் ஆர்மியோட மிர்யோர்னா, நார்வேல அதே அமைப்போட ஃப்ரெடெக்ஸ், டென்மார்க்ல செஞ்சிலுவைச் சங்கக் கடைகள். ஆன்லைன்ல ஸ்வீடனுக்கு ட்ராடெரா, செல்பி, நார்வேக்கு ஃபின், டீசெ. வசந்தகாலத்துல வீட்டு வாசல்லயே பழசை பரப்பி வச்சு விப்பாங்க, குழந்தை உடுப்புக்கு அதை விட நல்ல இடமே கிடையாது. கம்பளி கோட்டை செகண்ட் ஹேண்ட்ல வாங்கும்போது உள் லைனிங், அக்குள், பாக்கெட் மூலை, காலர் மடிப்பு இந்த நாலையும் வெளிச்சத்துல பாருங்க, பூச்சி ஓட்டை இருந்தா விட்டுடுங்க, பட்டன் இல்லன்னா கவலையில்ல.

ரிப்பேரும் பழகுங்க. கோத்தன்பர்க்ல 2001ல ஆரம்பிச்ச நூடி ஜீன்ஸ் தன்னோட ஜீன்ஸ் கிழிஞ்சா இலவசமாவே தைச்சு தருது, முட்டியில ஒட்டு போட்ட ஜீன்ஸை அங்க பெருமையா போடுறாங்க.

எச் அண்ட் எம்மும் ஸ்வீடன்தானே, அது மலிவா வாங்கி தூக்கிப்போடுற கலாச்சாரம்தானேன்னு கேப்பீங்க. உண்மைதான். 1947ல வேஸ்டெரோஸ் ஊர்ல பெண்கள் துணிக்கடையா ஆரம்பிச்சது இன்னைக்கு உலகத்தோட பெரிய துணிக்கடைகள்ல ஒண்ணு, அதே குரூப்தான் காஸ், ஆர்க்கெட் கடைகளையும் நடத்துது. கம்மியா வாங்கு, நீண்டநாள் போடுன்னு பேசுற நாட்டுலருந்துதான் அந்தக் கடையும் வந்துச்சு, இந்த முரண்பாட்டை மறைச்சுட்டு ஸ்காண்டிநேவியான்னா சுத்தம்னு எழுதுறது எனக்கு பிடிக்கல.

கோபன்ஹேகன் ஃபேஷன் வீக் பத்தி ஏன் இவ்வளவு பேச்சு?

வருஷத்துக்கு ரெண்டு தடவை, குளிர்காலத்துல ஒண்ணு, ஆகஸ்ட்ல ஒண்ணு. மேடையை விட வெளிய தெருவுல நிக்கிறவங்க உடுப்பைத்தான் போட்டோ எடுப்பாங்க, அதுலருந்துதான் இன்ஸ்டா பூரா பரவுது. இன்னொரு காரணம், 2020ல அறிவிச்சு 2023லருந்து 18 கட்டாய விதி கொண்டு வந்தாங்க, விக்காத துணியை அழிக்கக்கூடாது, கலெக்ஷன்ல பாதியாவது சுற்றுச்சூழலுக்கு மேலான துணியோ மறுசுழற்சியோ மிச்சத்துணியோ இருக்கணும், இப்படி. நிறைவேத்தலன்னா அதிகாரபூர்வ ஷோ கிடையாது. விதி போதுமா, யார் சரிபாக்குறாங்கங்கிற கேள்வி எல்லாம் இருக்கத்தான் செய்யுது, ஆனா பாரிஸ், மிலானை விட முன்னாடி இவங்கதான் வாசல்லயே நிபந்தனை வச்சாங்க.

வெயில் காலத்துல?

லினன், காட்டன், மரக்கட்டை அடி வச்ச ஸ்வீடிஷ் செருப்பு. ஜூன்லயும் சாயங்காலம் குளிரும், பையில ஒரு ஸ்வெட்டர் எப்பவும் இருக்கட்டும்.

நம்ம தோல் நிறத்துக்கு அந்த வெளிர் கலர் எல்லாம் எடுக்குமா?

சாம்பல் கலந்த பீஜ் முகத்துக்கு பக்கத்துல வந்தா எனக்கு பிடிக்கல, முகம் களைச்ச மாதிரி தெரியும். ஆனா க்ரீம், சுத்த வெள்ளை, செங்கல் சிவப்பு, கடுகு மஞ்சள், அடர் பச்சை, நேவி எல்லாம் மாநிறத்துக்கும் கறுப்புக்கும் பிரமாதமா எடுக்கும், பனிக்கு நடுவுல இன்னும் அழகு. கோட்டு எந்தக் கலரா வேணாலும் இருக்கட்டும், கழுத்துல சுத்துற ஸ்கார்ஃபை உங்க கலரா எடுங்க. குளிர்காலத்துல அஞ்சு மாசம் உங்களை எல்லாரும் பாக்கப்போறது கோட்டு, ஸ்கார்ஃப், தொப்பி மட்டும்தான், உங்களுக்குன்னு ஒரு ஸ்டைல் வேணும்னா காசையும் யோசனையையும் அங்க போடுங்க.

விழாவுக்கு சேலை கட்டலாமா?

தாராளமா. நார்வேல மே 17 தேசிய நாள் அன்னைக்கு ஊரே பூனாட்ங்கிற பாரம்பரிய உடுப்பை போட்டு தெருவுல இறங்கும், ஒவ்வொரு பகுதிக்கும் தனி டிசைன், கம்பளிப் பாவாடை, எம்ப்ராய்டரி, மார்புல வெள்ளி ஆபரணம், பல குடும்பத்துல பாட்டிகிட்டருந்து பேத்திக்கு வரும். பரம்பரை உடுப்பை இவ்வளவு மதிக்கிற ஊர்ல பட்டுச்சேலைக்கு மரியாதை தானா கிடைக்கும். 1980கள்லருந்து வடக்கே ஃபின்மார்க் மீன் ஆலைகள் வரைக்கும் போய் குடியேறின இலங்கைத் தமிழர்கள் நார்வேல நிறைய பேர், அவங்க கல்யாணம், பொங்கல் எல்லாம் குளிர்லயும் சேலையோடதான் நடக்குது.

எப்படின்னா, உள்பாவாடைக்குள்ள மெரினோ லெக்கிங்ஸ், பிளவுஸை முழுக்கையா தைச்சுக்கங்க, சேலையை ரெண்டு விரக்கடை தூக்கி கட்டி பூட்ஸ்ல போயிட்டு மண்டபத்துல செருப்பு மாத்துங்க. கோட்டு கணுக்கால் வரைக்கும் இருந்தா கொசுவத்துல சேறு படாது. ஸ்வீடன்ல அழைப்பிதழ்ல காவாய்னு போட்டிருந்தா ஆம்பளைங்களுக்கு சூட்டு போதும், அதுக்கு சமமா பட்டோ நல்ல சல்வாரோ சரியா இருக்கும்.

கம்பளியை எப்படி துவைக்கிறது? ஒரே வாஷ்ல சுருங்கிடுச்சு.

முதல்ல, அடிக்கடி துவைக்காதீங்க. போட்டுட்டு வந்ததும் பால்கனியில ஒரு ராத்திரி காத்தாட தொங்க விட்டாலே வாடை போயிடும். துவைக்கும்போது மெஷின்ல கம்பளி புரோகிராம், 30 டிகிரி, சோப்பு கம்பளிக்குன்னு இருக்கிறதா பாத்து போடுங்க, சாதாரண பவுடர்ல கறையைத் தின்ன வச்சிருக்கிற என்சைம் கம்பளியையும் தின்னும், நார்வேல மீலோன்னு ஒரு கம்பளி சோப்பு எல்லா சூப்பர் மார்க்கெட்லயும் கிடைக்கும். முறுக்காதீங்க, டவல்ல சுருட்டி அமுக்கி, தரையில விரிச்சு காய வைங்க, ஹேங்கர்ல போட்டா தோள் தொங்கிடும். உருண்டை உருண்டையா வர்றதை சீப்பு மாதிரி ஒண்ணு விக்கிறாங்க, அதால மெதுவா எடுத்துடுங்க. மே மாசம் எடுத்து வைக்கும்போது துவைச்சுட்டு மூடின பையில வைங்க, பூச்சி சந்தேகம் இருந்தா பையோட ஃப்ரீசர்ல ஒண்ணு ரெண்டு வாரம்.